தாயில்லாத நாய்க்குட்டிகளைப் பாட்டிலில் வளர்ப்பது: சென்னையில் முதல் எட்டு வாரங்கள்

கண் திறக்காத நாய்க்குட்டி கைக்கு வந்தவுடன் பெரும்பாலோர் செய்வது, பாலைக் காய்ச்சி வாயில் ஊற்றுவது. பல குட்டிகள் அந்த முதல் பாலிலேயே போய்விடுகின்றன. உடம்பு சில்லிட்டுப் போன குட்டிக்குக் குடல் இயங்காது. உள்ளே போன பால் செரிக்காமல் நின்று புளித்து, வயிறு ஊதி, எதுக்களித்து, நுரையீரலுக்குள் இறங்கும். எனவே முதலில் சூடு, அதன் பிறகுதான் பால். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இந்த வரிசையை மறக்காதீர்கள்.

குட்டி கண் திறப்பது 10 முதல் 14 நாளில். கண் திறக்கவில்லை என்றால் வயது அதற்கும் குறைவு. தொப்புள் கொடி இன்னும் ஒட்டியிருந்தால் பிறந்து இரண்டு மூன்று நாள்தான் ஆகிறது. பால் அளவு, இடைவெளி, மருந்து எல்லாமே வயதைப் பொறுத்தவை. அதனால் முதலில் வயதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. தூக்குவதற்கு முன் காத்திருங்கள்

தெருவில் குட்டிகள் மட்டும் கிடந்தால் தாய் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குட்டி போட்ட நாய்க்குப் பசி அதிகம். குப்பைத்தொட்டி, கறிக்கடை, ஹோட்டல் பின்பக்கம் என்று இரை தேடப் போயிருக்கும். நீங்கள் பக்கத்தில் நின்றால் திரும்பி வரவும் தயங்கும். கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், எதிர் வாசலிலோ மாடியிலோ நின்று இரண்டு மூன்று மணி நேரம் பாருங்கள். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்து அமைதியாகத் தூங்கினால், வயிறு உருண்டு இருந்தால், தாய் வந்து போகிறது என்று அர்த்தம். அப்போது நீங்கள் செய்ய வேண்டியது தாய்க்குச் சோறும் தண்ணீரும் வைப்பது மட்டும்தான்.

காத்திருக்கக் கூடாத சமயங்களும் உண்டு. தாய் அடிபட்டுக் கிடக்கிறது, மழைத்தண்ணீர் ஏறுகிறது, எறும்பு மொய்த்துவிட்டது, குட்டிகள் சில்லிட்டு ஓயாமல் கத்துகின்றன என்றால் உடனே எடுங்கள். கருத்தடைக்காக மாநகராட்சி வண்டியில் தாயை ஏற்றிப் போனதாகத் தெருவில் சொன்னால் மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்கு அழைத்து, குட்டிகள் இருப்பதையும் எந்தத் தெரு, எத்தனை மணி என்பதையும் சொல்லிப் புகார் எண்ணை வாங்கி வையுங்கள்.

எடுத்த பிறகும் பக்கத்துத் தெருக்களில் பால் கொடுக்கும் வேறொரு நாய் இருக்கிறதா என்று விசாரியுங்கள். உங்கள் பாட்டிலை விட அந்த நாயின் மடி ஆயிரம் மடங்கு மேல். பிறந்து 24 மணி நேரத்துக்குள் குடிக்கும் சீம்பாலில்தான் நோய் எதிர்ப்பு சக்தி இறங்குகிறது. பிறகு எந்தப் பவுடராலும் அதை ஈடுகட்ட முடியாது. அந்தத் தாய் நோயில்லாமல், சாதுவாக, நாலைந்து குட்டிகளுக்கு மேல் இல்லாமல் இருந்தால் முயன்று பார்க்கலாம். அதன் குட்டிகள் படுத்த துணியால் புதுக் குட்டியைத் துடைத்து, நடுவில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று கவனியுங்கள். உறுமினால் உடனே எடுத்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. தாய் செத்துப்போவதற்கு முன் காரணமில்லாமல் கடித்தது, எச்சில் வடித்தது, கால் இழுத்துக்கொண்டது என்று யாராவது சொன்னால் அது ரேபிஸாக இருக்கலாம். குட்டிகளை வெறுங்கையால் தொட்டிருந்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி இலவசம். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

2. வாங்க வேண்டியவை

- நாய்க்குட்டிகளுக்கான பால் பவுடர் ஒரு டின். ராயல் கேனின் பேபிடாக், பீஃபார் லாக்டால் போன்றவை பெட் ஷாப்பில் கிடைக்கும். செலவில் பெரும்பங்கு இதற்குத்தான். ஆயிரம் ரூபாய்க்கு மேல் எடுத்து வையுங்கள். நாலு குட்டி என்றால் ஒரு டின் ஒரு மாதத்துக்குப் போதாது.
- குட்டிகளுக்கான சிறிய பாட்டிலும் இரண்டு மூன்று நிப்பிளும். மனிதக் குழந்தைக்கான நிப்பிள் தெருநாய்க் குட்டியின் வாய்க்குப் பெரிது.
- ஊசி இல்லாத 2 மி.லி., 5 மி.லி. சிரிஞ்சுகள்.
- கிராம் காட்டும் சமையலறை எடை மெஷின். 500 ரூபாய்க்குள் கிடைப்பதே போதும். இதை வாங்காமல் வளர்க்க முயலாதீர்கள்.
- டிஜிட்டல் தெர்மாமீட்டர், இதற்கு மட்டும் என்று தனியாக ஒன்று.
- பஞ்சு, பெட்டாடின், குளுக்கோஸ் பவுடர், பேன் சீப்பு.

பெட்டிக்கு அட்டைப்பெட்டி போதும். அடியில் செய்தித்தாள், மேலே பழைய பனியன் துணி அல்லது வேட்டி. டர்க்கி டவல் வேண்டாம். அதன் நூல் வளையங்களில் குட்டியின் நகம் மாட்டிக்கொள்ளும்.

சென்னை வீடுகளில் பெட்டியைத் தரையில் வைப்பது பெரிய ஆபத்து. பால் வாடைக்கு எறும்பு வரும். ஒரே இரவில் கண், மூக்கு, தொப்புள் எல்லாவற்றையும் கடித்துவிடும். ஸ்டூல்மேல் வைத்து, நாலு கால்களையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள். எறும்புச் சாக்பீஸ், எறும்புப் பொடி இரண்டும் பெட்டி அருகே வரவே கூடாது, அவை குட்டிக்கும் விஷம். பெட்டியைப் பினாயில் போட்டுத் துடைப்பதும் தவறு. சோப்புத் தண்ணீரில் துடைத்து, நல்ல தண்ணீரில் இன்னொரு முறை துடைத்துக் காயவிட்டால் போதும்.

3. சூடு

முதல் இரண்டு வாரம் குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. முதல் வாரத்தில் அதன் உடல் வெப்பம் 95 முதல் 99 டிகிரி பாரன்ஹீட்டுக்குள் இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் ஒரு சென்டிமீட்டர் மட்டும் வைத்துப் பாருங்கள். 94-க்குக் கீழே இருந்தால் பால் கிடையாது.

சில்லிட்ட குட்டியை மெதுவாகத்தான் சூடேற்ற வேண்டும். சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்து, மேலே ஒரு துணி போர்த்தி, உள்ளங்கையால் மெல்லத் தேய்த்துக்கொண்டே இருங்கள். ஒன்று முதல் மூன்று மணி நேரம் ஆகலாம். வெந்நீரில் முக்குவது, ஹேர் டிரையர் காட்டுவது, அடுப்பருகே வைப்பது எல்லாம் அதிர்ச்சியில் கொன்றுவிடும். காத்திருக்கும் நேரத்தில் குளுக்கோஸ் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரை விரலில் தொட்டு ஈறில் தடவலாம். வாயில் ஊற்றக் கூடாது.

பெட்டிக்குள் முதல் வாரம் 30 முதல் 32 டிகிரி செல்சியஸ், இரண்டாம் வாரம் 27 முதல் 29, அதற்குப் பிறகு 24 முதல் 27 இருந்தால் போதும். இங்கேதான் குளிர்நாட்டு வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றுகிறவர்கள் தவறுகிறார்கள். சித்திரை, வைகாசியில் நம் வீட்டு அறையே 33, 34 டிகிரி இருக்கும். அதற்கு மேல் பல்பும் போட்டால் குட்டி வெந்துபோகும். அந்த மாதங்களில் பகலில் சூடு தேவையில்லை, காற்றோட்டம்தான் தேவை. ஆனால் ஏசி அறையில் வைத்தாலோ, ஃபேன் நேராகப் பெட்டிமேல் அடித்தாலோ கோடையிலும் சில்லிட்டுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மார்கழி இரவிலும் கட்டாயம் சூடு வேண்டும்.

ஒரு லிட்டர் பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, இறுக மூடி, துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். மறுபக்கம் காலியாக இருந்தால்தான் சூடு தாங்காத குட்டி நகர்ந்து போகும். ஆறிய பாட்டில் குட்டியின் சூட்டை இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் மாற்றிவிடுங்கள். பல்பு போடுவதாக இருந்தால் பழைய குண்டு பல்பாக இருக்க வேண்டும், எல்இடி பல்பில் சூடு வராது. கரன்ட் போனால் என்ன செய்வது என்பதற்கும் அதே வெந்நீர் பாட்டில்தான் பதில்.

குட்டிகள் எல்லாம் ஒரே குவியலாக அழுந்திக் கிடந்து முனகினால் குளிர்கிறது. ஆளுக்கொரு மூலையில் விலகிக் கிடந்து வாயால் மூச்சு வாங்கினால் சூடு அதிகம். சும்மா ஒட்டிப் படுத்துத் தூங்கினால் சரியாக இருக்கிறது.

4. எந்தப் பால்

நாய்ப்பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. லாக்டோஸ் மட்டும் பசும்பாலில்தான் அதிகம். அதனால் வெறும் பசும்பால் கொடுத்தால் குட்டிக்கு வயிற்றுப்போக்கும் வரும், எடையும் ஏறாது. பச்சிளங் குழந்தைகளுக்கான பால் பவுடரிலும் குட்டிக்குப் போதுமான புரதம் இல்லை. செரிலாக் கரைத்துக் கொடுப்பது இன்னும் மோசம், அந்த மாவு இந்த வயதில் செரிக்காது.

ராத்திரி இரண்டு மணிக்குக் குட்டி கிடைத்து, கடை திறக்கக் காலை ஆகும் என்றால் மட்டும் இது: ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பாலைக் காய்ச்சி ஆற வைத்தது 120 மி.லி., கொதித்து ஆறிய தண்ணீர் 120 மி.லி., முட்டை மஞ்சள் கரு இரண்டு, சமையல் எண்ணெய் ஒரு டீஸ்பூன். நன்றாக அடித்து வடிகட்டிக் கொடுங்கள். வெள்ளைக் கரு சேர்க்காதீர்கள். ஓர் இரவுக்கு மட்டும்தான் இது, ஒரு வாரத்துக்கு அல்ல.

பவுடரை டின்னில் எழுதியிருக்கும் விகிதத்தில்தான் கலக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் சத்து என்று நினைத்து ஒரு கரண்டி கூடப் போட்டால் மலம் இறுகும், வயிறு உப்பும். கலக்கியதை ஃபிரிட்ஜில் 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். சூடாக்க, பாட்டிலை வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். மைக்ரோவேவில் ஒரு பக்கம் மட்டும் கொதித்து நாக்கைச் சுட்டுவிடும். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் வெதுவெதுப்பாக, 38 டிகிரி அளவில் இருக்க வேண்டும். குடித்து மிச்சமானதைக் கொட்டிவிடுங்கள். பாட்டிலையும் நிப்பிளையும் ஒவ்வொரு முறையும் கழுவுங்கள், நாளுக்கு ஒருமுறையாவது கொதிக்க வையுங்கள். ஒரு பிராண்டில் குட்டி நன்றாகத் தேறினால் பாதியில் மாற்ற வேண்டாம்.

5. எவ்வளவு, எத்தனை மணிக்கு ஒருமுறை

குட்டியின் எடையில் ஒவ்வொரு 100 கிராமுக்கும் ஒரு நாளைக்கு முதல் வாரம் சுமார் 13 முதல் 15 மி.லி., இரண்டாம் வாரம் 17, மூன்றாம் வாரம் 20, நான்காம் வாரம் 22. டின்னில் வேறு அளவு எழுதியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். பிராண்டுக்குப் பிராண்டு சத்து மாறும்.

இதை வேளைகளாகப் பிரியுங்கள். முதல் வாரம் இரண்டு முதல் மூன்று மணிக்கு ஒருமுறை, இரவும் பகலும். இரண்டாம் வாரம் மூன்று மணிக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு நாலு மணிக்கு ஒருமுறை. 300 கிராம் குட்டிக்கு முதல் வாரத்தில் நாளுக்கு 40 முதல் 45 மி.லி., எட்டு வேளையாகப் பிரித்தால் ஒரு வேளைக்கு ஐந்து, ஆறு மி.லி. தான். பார்க்கக் கொஞ்சமாகத் தெரியும். வீட்டில் பெரியவர்கள் இன்னும் கொஞ்சம் கொடு என்பார்கள். கொடுக்காதீர்கள். 100 கிராமுக்கு 4 மி.லி. என்பது ஒரு வேளைக்கு வயிறு தாங்கும் உச்சம். முதல் நாள் கணக்கில் பாதி அளவில் தொடங்கி, மலம் சரியாக வந்தால் மறுநாள் முழு அளவுக்குப் போங்கள்.

இரவு 12, 2, 4, 6 என்று அலாரம் அடிக்கும். வேலைக்குப் போகிற ஒருவர் தனியாக இதைச் செய்ய முடியாது. இரண்டு பேராவது முறை வைத்துக்கொள்ளுங்கள். முடியாது என்றால் முதல் நாளே உதவி தேடுங்கள், ஐந்தாம் நாள் களைத்து விழுந்த பிறகு அல்ல.

6. ஊட்டும் முறை

குட்டியைக் கைக்குழந்தைபோல் மல்லாக்கப் போட்டுப் பால் கொடுக்கவே கூடாது. புரையேறி, நுரையீரலில் பால் போய், நிமோனியா வந்து சாவது பெரும்பாலும் இதனால்தான்.

முதலில் சுண்டு விரலைக் கழுவி வாயில் வைத்துப் பாருங்கள். இழுத்துச் சப்பினால்தான் பாட்டில். சப்பாத குட்டிக்குப் பால் ஊற்றாதீர்கள், அதை டாக்டரிடம் கொண்டு போங்கள். அவர் குழாய் வழியாகக் கொடுப்பார். டார்ச் அடித்து மேலண்ணத்தையும் ஒருமுறை பாருங்கள், பிளவு இருந்தால் குடிப்பதெல்லாம் மூக்கில் வரும்.

குட்டியை மடித்த துணிமேல் குப்புறப் படுக்க வையுங்கள். தாயின் மடியில் குடிக்கும்போது எப்படிப் படுக்குமோ அப்படி. முன்கால்கள் எதையாவது உந்தி மிதிக்க இடம் வேண்டும். தலை நேராக, துளி மேலே. பாட்டிலைச் சாய்த்துப் பிடியுங்கள், நிப்பிள் முழுக்கப் பால் நிரம்பி இருந்தால் காற்று உள்ளே போகாது. நிப்பிளில் ஓட்டை போட சூடு காட்டிய ஊசியைப் பயன்படுத்துங்கள். கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், தாரையாக ஓடினால் அந்த நிப்பிளைத் தூக்கிப் போடுங்கள். பாட்டிலை அமுக்க வேண்டாம், குட்டி தன் வேகத்தில் குடிக்கட்டும். சிரிஞ்சில் கொடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒரு சொட்டு, அது விழுங்கியதும் அடுத்த சொட்டு.

மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்தி, தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து மூக்கைத் துடையுங்கள். காலைப் பிடித்து வீசிச் சுழற்றுவது பழைய பழக்கம், மூளையில் ரத்தம் கசியும். அடுத்த ஒரு நாளில் இருமல், மூச்சில் களகள சத்தம், பால் வேண்டாம் என்று ஒதுங்குவது ஏதாவது தெரிந்தால் டாக்டர்.

குடித்து முடித்ததும் நிமிர்த்திப் பிடித்து முதுகைத் தட்டி ஏப்பம் விடச் செய்யுங்கள். வயிறு உருண்டிருக்க வேண்டும், டமாரமாக விறைத்திருக்கக் கூடாது.

7. மூத்திரம், மலம்

மூன்று வாரம் வரை குட்டிக்குத் தானாகப் போகத் தெரியாது. தாய் நக்கித்தான் போகவைக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால், ஒவ்வொரு முறை பால் கொடுத்ததும் அடிவயிற்றின் கீழும் ஆசனவாயையும் மெல்லத் தொட்டுத் தொட்டுத் துடையுங்கள். தேய்த்தால் புண்ணாகும். இதை விட்டுவிட்டால் மூத்திரப்பை நிரம்பிக் குட்டி சாகும், பலருக்கு இது தெரிவதில்லை.

மூத்திரம் தண்ணீர் நிறத்தில் வர வேண்டும். அடர் மஞ்சளாக இருந்தால் உடம்பில் நீர் குறைவு. மலம் மஞ்சளாக, பிசுபிசுப்பாக இருந்தால் நல்லது. பச்சையாகவோ, தயிர்த் திப்பி கலந்த வெள்ளையாகவோ வந்தால் பெரும்பாலும் அளவு அதிகம். அடுத்த வேளைகளில் அளவைக் குறையுங்கள், பாலைக் கொஞ்சம் நீர்க்க வையுங்கள். தண்ணீராகப் போய்க்கொண்டே இருந்தால் அரை நாள் கூடக் காத்திருக்க வேண்டாம்.

8. எடை நோட்டு

தினமும் ஒரே நேரத்தில், பால் கொடுப்பதற்கு முன் எடை போட்டு எழுதுங்கள். குட்டிகளை அடையாளம் காணக் கழுத்தில் நூல் கட்டாதீர்கள், வளர வளர இறுகும். முதுகு முடியில் மார்க்கர் அடையாளம் போதும்.

நாளுக்கு 5 முதல் 10 சதவீதம் ஏற வேண்டும். 8 முதல் 10 நாளில் பிறந்த எடை இரட்டிப்பாகும். ஒரு நாள் ஏறாமல் நின்றால் அளவையும் சூட்டையும் சரிபாருங்கள். இரண்டாம் நாளும் ஏறவில்லை, அல்லது இறங்கியது என்றால் உடம்பில் ஏதோ கோளாறு. கண்ணுக்குத் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே மெஷின் சொல்லிவிடும்.

9. எப்போது, எங்கே ஓட வேண்டும்

வயிறு நிறைந்து, சூடாக இருந்தும் விடாமல் கத்துவது, துவண்டு தொங்குவது, ஈறு வெளுப்பது, தொப்புள் சிவந்து வீங்குவது, மூடிய கண்ணுக்குள் வீக்கம், உடம்பில் புழு. இவற்றில் ஒன்று இருந்தாலும் போங்கள்.

ஈறு வெளுக்க முக்கியக் காரணம் உண்ணியும் தெள்ளுப்பூச்சியும். சின்னக் குட்டியின் ரத்தத்தை உறிஞ்சியே கொன்றுவிடும். பேன் சீப்பால் வாரி, உண்ணியை இடுக்கியால் எடுங்கள். உண்ணிப் பவுடர், ஸ்ப்ரே, கற்பூர எண்ணெய், டர்பன்டைன் எதுவும் இந்த வயதில் வேண்டாம். குளிப்பாட்டவும் வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள்.

வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது, செலவு குறைவு. மாதவரம் பால்பண்ணைப் பகுதியிலும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை உண்டு. காலையில் கூட்டம் அதிகம், சீக்கிரம் போய்ச் சீட்டு வாங்குங்கள். இரவில் திறந்திருக்கும் தனியார் கிளினிக் ஒன்றின் எண்ணை இப்போதே குறித்து வையுங்கள். நள்ளிரவில் தேட நேரம் இருக்காது. எங்கே போனாலும் கூடையைத் தரையில் வைக்காதீர்கள், பிற நாய்கள் முகர விடாதீர்கள். குடலைத் தாக்கிக் குட்டிகளைக் கொல்லும் பார்வோ என்ற வைரஸ் கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். காப்பகத்தில் விட்டுவிடலாம் என்று நினைப்பவர்களும் இதை யோசிக்க வேண்டும். நோயுற்ற நாய்கள் வந்து போகும் இடத்தில் சீம்பால் குடிக்காத குட்டி தாக்குப்பிடிப்பது கடினம். வீட்டில் ஒரு மூலை அதற்கு எவ்வளவோ மேல்.

10. இரண்டாம் வாரம் முதல்

இரண்டு வாரம் ஆனதும் குடற்புழு மருந்து, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. தாயிடமிருந்தே புழு வந்துவிடுவதால், வெளியே விடாத குட்டிக்கும் இது வேண்டும். அளவை எடை சொல்லி டாக்டரிடம் கேளுங்கள், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

மூன்றரை, நாலு வாரத்தில் பல் முளைக்கும். தட்டையான தட்டில் பாலோடு குட்டிகளுக்கான ஸ்டார்ட்டர் உணவை ஊறவைத்துக் கூழாக்கி வையுங்கள். முதலில் மிதித்துப் புரளும், பிறகு நக்கும். ஐந்து, ஆறு வாரத்தில் பாட்டிலை நிறுத்திவிடலாம். பால் சோறும் தயிர் சோறும் வயிற்றை நிரப்பும், ஆனால் வளரத் தேவையான புரதம் அதில் இல்லை. வேகவைத்த கோழியும் முட்டையும் சேர்க்கலாம். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகாது.

ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி. பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் வரை. ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில். முதல் ஊசி போட்டாகிவிட்டது என்று தெருவில் இறக்கிவிடாதீர்கள். அந்த ஒரு ஊசி பார்வோவைத் தடுக்காது.

11. வீடு கொடுப்பதும் காகிதங்களும்

எட்டு வாரத்துக்கு முன் குட்டிகளைப் பிரிக்க வேண்டாம். கடிக்கும் பலத்தை அடக்கிக்கொள்வதை உடன்பிறந்தவைகளோடு விளையாடித்தான் அவை கற்கின்றன. ஒற்றைக் குட்டியாக வளர்ந்தது பிறகு கையைக் கடித்துக்கொண்டே இருக்கும். ஒரே குட்டி என்றால், அதே வயதுக் குட்டி வளர்க்கும் இன்னொருவரைத் தேடிச் சேர்த்து வளர்க்க முடியுமா என்று பாருங்கள்.

கொடுக்கும்போது தடுப்பூசி அட்டை, புழு மருந்து கொடுத்த தேதிகள், இதுவரை சாப்பிட்ட உணவின் பெயர் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். அட்டையில் ஒவ்வொரு ஊசியின் ஸ்டிக்கரும் டாக்டரின் கையெழுத்தும் இருக்க வேண்டும், வெறும் தேதி போதாது. வாங்குகிறவரிடம் முகவரிச் சான்றின் நகலும், கருத்தடை செய்வேன் என்று எழுதிக் கையெழுத்திட்ட தாளும் வாங்கிக்கொள்ளுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் நீங்களே ஒருமுறை பேசிவிடுங்கள். திரும்பி வரும் குட்டிகளில் பல இந்தக் காரணத்தால்தான் வருகின்றன.

சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம், மைக்ரோசிப்பும் கேட்கிறார்கள். இணையத்தில் விண்ணப்பிக்க உரிமையாளர் படம், நாயின் படம், முகவரிச் சான்று, ரேபிஸ் தடுப்பூசிச் சான்று வேண்டும். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில்தான் என்பதால் அதற்கு முன் விண்ணப்பிக்க முடியாது. குட்டியை வாங்குகிறவரிடம் அந்தத் தேதியைக் கணக்கிட்டு, ஊசி போடும் நாளையும் விண்ணப்பிக்கும் நாளையும் அட்டையின் பின்புறம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.